நிறுத்தச் சொன்னது யார்?

கல்லூரி விடுதியில் மூன்றாம் ஆண்டு இருக்கும்போது ‘தி எக்ஸார்சிஸ்ட்’ பார்த்தோம். ஒரு லேப்டாப், ஒரு கட்டில், ஆறு பேர். பயப்படவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு உட்கார்ந்ததால் எல்லாவற்றுக்கும் சிரித்தோம். பச்சை வாந்திக்குச் சிரித்தோம். தலை முழுசாகத் திரும்பியதற்குச் சிரித்தோம். ஒரே ஒரு இடத்தில் அறை அமைதியானது. பேய் பிடித்த மகள் அம்மாவை ஓங்கி அறைகிறாள். அம்மா பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டுத் தரையில் விழுந்து அலறுகிறாள். பேய்ப்படங்களில் வழக்கமாகக் கேட்கிற அலறல் இல்லை அது. நம் வீட்டில் யாராவது பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் வருமே, அந்தச் சத்தம்.

“மச்சி, ரீவைண்ட் பண்ணு” என்றான் ஒருத்தன். பண்ணினோம். மூன்று தடவை பார்த்தோம். “என்னா நடிப்புடா” என்று நான்தான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அது நடிப்பில்லை என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆனது. அம்மாவாக நடித்த எல்லன் பர்ஸ்டினின் இடுப்பில் ஒரு பட்டை கட்டி, அதில் கயிற்றை இணைத்து, ஸ்டண்ட்காரர் ஒருவர் பின்னாலிருந்து இழுத்திருக்கிறார். முதல் டேக்கிலேயே இழுப்பு பலமாக இருந்தது, இப்படியே போனால் அடிபடும் என்று பர்ஸ்டின் இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார். விழுவது நிஜம் போலத் தெரிய வேண்டும் என்பது இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினின் பதில். அடுத்த டேக்கில் முதுகுத்தண்டின் அடியில் பலமான அடி. வலியில் கத்திக்கொண்டிருந்தபோது கேமரா தன் முகத்தை நோக்கி நெருங்கியதைப் பார்த்ததாகப் பின்னாட்களில் பல பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது. நாங்கள் மூன்று தடவை ரீவைண்ட் பண்ணியது அதைத்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இடத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் கொஞ்ச காலமாக என்னைக் குடைகிற கேள்வி. ‘இயக்குநர் செய்தது தப்பு’ என்று சொல்வது ரொம்ப எளிது, சொல்லியும் விடலாம். ஆனால் அந்தக் காட்சி படத்திலேயே சிறந்த காட்சிகளில் ஒன்று. அது சிறந்ததாக இருப்பதற்கும் அந்தத் தப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தை என்ன செய்வது?

முதலில் ஃப்ரீட்கின் என்ன செய்ய முயன்றார் என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். வில்லியம் பீட்டர் பிளாட்டியின் நாவல் 1971இல் வந்து பெரிய வெற்றி பெற்றது. படப்பிடிப்பு 1972 ஆகஸ்டில் தொடங்கியது, படம் 1973 டிசம்பரில் வெளியானது. ஃப்ரீட்கின் டாக்குமென்டரியில் இருந்து வந்தவர். ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்கு அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். பேய்ப்படம் எடுக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு வீட்டில் நடந்த சம்பவத்தைப் பதிவு செய்கிறோம் என்கிற தோரணையில்தான் வேலை பார்த்தார். அந்தத் தோரணைக்கு முதல் எதிரி நட்சத்திரம். வயதான பாதிரியார் மெரின் வேடத்துக்கு மார்லன் பிராண்டோவைப் போடலாம் என்று ஸ்டூடியோ நினைத்தபோது அவர் மறுத்தார். பிராண்டோ வந்தால் அது பிராண்டோ படமாகிவிடும். பார்ப்பவன் பேயைப் பார்க்க மாட்டான், பிராண்டோ பேயை என்ன செய்கிறார் என்று பார்ப்பான். ரஜினி வீட்டுக்குள் பேய் வந்தால் நாம் யாருக்காகவும் பயப்பட மாட்டோம் இல்லையா, அதே கணக்கு.

அதனால் அவர் நடிகர்களைவிட ‘ஆட்களை’த் தேடினார். இளைய பாதிரியார் கராஸ் வேடத்துக்கு ஸ்டேசி கீச் என்ற தேர்ந்த நடிகருடன் ஒப்பந்தமே ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஜேசன் மில்லர் என்ற நாடக ஆசிரியரை ஃப்ரீட்கின் சந்திக்கிறார். மில்லர் ஜெசூட் பல்கலைக்கழகத்தில் படித்த கத்தோலிக்கர், 1973இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றவர், அதுவரை ஒரு சினிமாவிலும் நடித்ததில்லை. நாவலைப் படித்துவிட்டு ‘இந்த ஆள் நான்தான்’ என்கிற மாதிரி இயக்குநரிடம் சொன்னாராம். கீச்சுக்குப் பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு மில்லரைப் போட்டார்கள். படம் பார்க்கும்போது இந்தத் தேர்வு என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். கராஸுக்கு விசுவாசம் தளர்ந்துவிட்டது. அம்மாவைத் தனியாகச் சாகவிட்ட குற்றவுணர்வு வேறு. மில்லர் இதை எங்கேயும் ‘காட்டுவதில்லை’. வசனம் பேசாத நேரத்தில் அவர் முகம் கொஞ்சம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சி பெற்ற நடிகர் அந்தக் காலியிடத்தை நிரப்பியிருப்பார்.

கராஸின் அம்மாவாக வருபவரையும் சொல்ல வேண்டும். வாசிலிகி மலியரோஸ் என்ற அந்தக் கிழவியை ஒரு கிரேக்க உணவகத்தில் கண்டுபிடித்தார்கள். படம் வெளியாவதற்கு முன்பே இறந்துபோனார். அவர் வரும் நேரம் மிகக் குறைவு. ஆனால் சப்வே படிக்கட்டில் நின்று அவர் வாய் அசைகிற அந்தக் கனவு, மொத்தப் படத்திலும் என்னை நிஜமாகத் தொந்தரவு செய்கிற இரண்டாவது இடம். முதலாவது எது என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு நேரெதிர் தேர்வு மேக்ஸ் வான் சைடோ. ‘தி செவன்த் சீல்’ படத்தில் மரணத்தோடு செஸ் விளையாடிய வீரன், பிறகு 1965இல் ஹாலிவுட்டில் இயேசு. மெரின் வேடத்தில் நடித்தபோது அவருக்கு வயது 43தான். டிக் ஸ்மித்தின் ஒப்பனை அவரை எழுபதைத் தாண்டியவராக்கியது. ஒப்பனை என்றே பலருக்குத் தெரியவில்லை, நானும் நம்பியவன்தான். பேயை நோக்கி ஜெபம் சொல்லிக் கட்டளையிடும் காட்சியில் இந்த மாபெரும் நடிகர் தடுமாறினார் என்று ஃப்ரீட்கின் சொல்லியிருக்கிறார். எத்தனை டேக் போனாலும் வசனத்தில் உயிர் வரவில்லை. காரணம் கேட்டால், எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றாராம். இயேசுவாக நடித்தீர்களே என்றதற்கு, அவரை நான் மனிதனாகத்தான் நடித்தேன் என்று பதில். ஃப்ரீட்கின் கதை சொல்வதில் கெட்டிக்காரர், எவ்வளவு உப்புச் சேர்த்தாரோ. இருந்தாலும் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். தன்னிடம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவதில் ஒரு நடிகனுக்கு வந்த கூச்சம் அது. கடைசியில் அதை அவர் தொழில்திறமையால்தான் தாண்டினார். யாரும் அவரை அறையவில்லை.

வேறொருவர் அறை வாங்கினார். படத்தின் முடிவில், படிக்கட்டின் அடியில் செத்துக்கொண்டிருக்கும் கராஸுக்கு நண்பர் ஃபாதர் டையர் கடைசி மன்னிப்பு வழங்குகிறார். டையராக நடித்தவர் வில்லியம் ஓமாலி, நிஜமான ஜெசூட் பாதிரியார். பல டேக் எடுத்தும் ஃப்ரீட்கினுக்குத் திருப்தியில்லை. ‘என்னை நம்புகிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார். ‘நம்புகிறேன்’ என்று பாதிரியார் சொன்னதும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. உடனே கேமரா ஓடியது. திரையில் நடுங்குகிற அந்தக் கை நடிப்பில்லை என்று ஓமாலியே பிறகு சொன்னார். அதைக் கோபத்தோடு சொல்லவும் இல்லை.

இந்த ‘கோபமில்லாமல்’ என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அடிபட்டவரே பொருட்படுத்தவில்லை என்றால் நமக்கென்ன? அவர்தான் ‘நம்புகிறேன்’ என்று சொன்னாரே? எனக்கு இந்த வாதம் ஒப்புமையே இல்லை. ‘என்னை நம்புகிறீர்களா’ என்பதும் ‘உங்களை அறையலாமா’ என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு வாங்கிய பதிலை இரண்டாவதற்குச் செலவழித்தார் ஃப்ரீட்கின். அவர் பிறகு மன்னித்தார் என்பதும் கணக்கில் சேராது. முன்னால் கேட்கிற அனுமதியும் பின்னால் கிடைக்கிற மன்னிப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்றால் உலகத்தில் பாதிக் குற்றங்களே இருக்காது.

செட்டில் ஃப்ரீட்கின் துப்பாக்கி வைத்திருந்தார். நடிகர்கள் திடுக்கிட வேண்டிய இடத்தில் எச்சரிக்காமல் வெடிப்பார். கராஸ் தொலைபேசி மணிக்குத் திடுக்கிடும் காட்சியில் மில்லருக்கும் இது நடந்தது. மில்லர் சண்டைக்குப் போய்விட்டார். நான் நடிகன், திடுக்கிடுவதற்கு எனக்குத் துப்பாக்கி தேவையில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அதுவரை சினிமாவில் நடித்தே இராத, ‘நிஜமான ஆள்’ என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர் இதைச் சொல்கிறார். எனக்கு இந்தப் படத்தைச் சுற்றியுள்ள கதைகளிலேயே மிகப் பிடித்தது இதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திதரோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் நடிகனின் முரண் பற்றி ஓர் உரையாடல் எழுதினார். பெரிய நடிகன் எதையும் உணர்வதில்லை, உணர்வின் அடையாளங்களைக் குளிர்ந்த தலையோடு திரும்பத் திரும்ப உருவாக்குகிறான் என்பது அவர் கட்சி. நடிகன் உள்ளுக்குள் நிஜமாகவே உணர வேண்டும் என்பது எதிர்க்கட்சி. நியூயார்க் ஆக்டர்ஸ் ஸ்டூடியோவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் சொல்லிக்கொடுத்தது அந்த வழிதான். பர்ஸ்டின் அந்தப் பள்ளியில் வந்தவர். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒன்று உண்டு. உணர்கிறானோ இல்லையோ, அதைச் செய்வது நடிகன். துப்பாக்கியும் கயிறும் வந்தவுடன் செய்பவர் மாறிவிடுகிறார். நடிகனின் உடம்பு மட்டும் அங்கே இருக்கிறது, அதை இயக்குவது வேறொருவர். ஒருவர் உடம்புக்குள் இன்னொருவர் புகுந்து அதை ஆட்டிவைப்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் சொல்வோம்? அந்தப் படத்தின் கதையே அதுதானே.

இனி ரீகனுக்கு வருவோம். லிண்டா பிளேர் 1959 ஜனவரியில் பிறந்தவர். படப்பிடிப்பு தொடங்கும்போது 13 வயது. அந்தப் பேயை நடித்தது யார் என்று கேட்டால் உடனே அவர் பெயர்தான் வரும். ஆனால் பேய் பல துண்டுகள். முகமும் உடலும் பெரும்பாலும் பிளேர். சில ஷாட்டுகளில் அவருக்குப் பதிலாக ஐலீன் டீட்ஸ் என்ற வயதுவந்த நடிகை. கண நேரம் மின்னி மறையும் அந்த வெள்ளை முகமும் அவருடையதுதான். தோலும் காயமும் டிக் ஸ்மித். திரும்புகிற தலை பொம்மை. குரல் மெர்சிடீஸ் மெக்கேம்பிரிட்ஜ்.

மெக்கேம்பிரிட்ஜ் 1949இல் வந்த ‘ஆல் தி கிங்ஸ் மென்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், வானொலி நாடகத்தில் புகழ்பெற்றவர். ஐம்பதுகளில் இருந்த ஒரு பெண்ணிடம் அந்தக் கரகரப்பு வருவதற்காகப் பச்சை முட்டை விழுங்கினார், சங்கிலித்தொடராகப் புகைத்தார், தன்னை நாற்காலியில் கட்டிவைக்கச் செய்தார். விஸ்கியும் குடித்தார். குடிநோயிலிருந்து மீண்டுவந்தவர் அவர் என்பதைச் சேர்த்துப் படித்தால் இந்த வாக்கியத்தின் எடை புரியும். இவ்வளவுக்குப் பிறகு படம் வந்தபோது டைட்டிலில் அவர் பெயர் இல்லை. அவர்தான் வேண்டாம் என்றார் என்பது ஃப்ரீட்கின் தரப்பு. தனக்கு வாக்களித்து ஏமாற்றினார்கள் என்பது அவர் தரப்பு. சண்டை போட்டுத்தான் பெயர் சேர்ந்தது. பிளேர் துணைநடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, குரல் ஒருவருடையது, சில ஷாட்டுகளில் உடல் இன்னொருவருடையது என்றால் விருது யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. விருது ‘பேப்பர் மூன்’ படத்துக்காக 10 வயது டாட்டம் ஓநீலுக்குப் போனது.

நமக்கு இது புதிய கதையே இல்லை. 1993இல் வந்த மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ படத்தில் தஞ்சாவூர் நாகவல்லி பேசும் தமிழ்க் குரல் நினைவிருக்கும். சோபனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. குரல் பாக்யலட்சுமியுடையது என்றே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாகவல்லியின் பகுதிக்குப் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர் என்று இயக்குநர் ஃபாசில் வெளியே சொன்னது 2016இல். 23 வருடம். இன்னொருத்தியின் ஆவி தன் வழியாகப் பேசுவதாக நம்பும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. அதில் பேசிய பெண்ணுக்கே பெயர் இல்லை. நான் இதை அழகான முரண் என்று ரசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். துர்காவுக்கு இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் என்னை நிஜமாகவே உறைய வைத்தது குரல் விவகாரமில்லை. படுக்கையில் ரீகன் மேலும் கீழுமாகத் தூக்கித் தூக்கி அடிக்கப்படும் காட்சி. பிளேரை ஒரு கருவியில் கட்டி, அதை இயக்கினார்கள். ஒரு டேக்கில் கட்டு தளர்ந்து கருவி அவர் முதுகில் இடிக்க ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லி அந்தப் பெண் கத்துகிறாள். யாரும் நிறுத்தவில்லை. ஏனென்றால் ஸ்கிரிப்ட்டிலும் ரீகன் கத்த வேண்டியது அதையேதான்.

டெலிகாம் படித்தவர்களுக்கு ஒரு பழைய கதை தெரிந்திருக்கும். அமெரிக்காவின் நீண்டதூரத் தொலைபேசி வலையில் ஒரு காலத்தில் பேச்சும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞையும் ஒரே கம்பியில், ஒரே அலைவரிசைக்குள் போயின. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் ‘இந்த லைன் காலி’ என்று இயந்திரம் புரிந்துகொள்ளும். தானியப் பொட்டலத்தோடு இலவசமாக வந்த பொம்மை விசில் ஒன்று சரியாக அந்த ஒலியைக் கொடுத்தது. பிறகென்ன, விசிலடித்தே ஓசியில் பேசினார்கள். பேச்சும் கட்டளையும் ஒரே பாதையில் போனால் எது எதுவென்று பிரிக்க முடியாமல் போகும் என்பது பாடம். அங்கே பேச்சு கட்டளையாகிவிட்டது. பிளேருக்கு நடந்தது இதன் தலைகீழ். கட்டளை வசனமாகிவிட்டது. அந்தச் செட்டில் ‘நிறுத்து’ என்று சொல்ல அந்தச் சிறுமிக்கு வேறு பாதை இல்லை. இன்று நெருக்கமான காட்சிகளுக்குத் தனி ஒருங்கிணைப்பாளர் வைக்கிறார்கள், சண்டைக் காட்சிக்கு முன்பே சைகை பேசி வைத்துக்கொள்கிறார்கள். வசனத்துக்குள் வராத ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கோளாறு சினிமாவில் பிறந்ததும் இல்லை. பேயோட்டும் சடங்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நோயாளி ‘போதும், விடுங்க’ என்றால் அது பேய் பேசுவது. ‘சாப்பாடு வேண்டாம்’ என்றாலும் பேய்தான். அவள் சொல்கிற எந்த ‘வேண்டாம்’ அவளுடையது? ஜெர்மனியில் அன்னெலீஸ் மிஷேல் என்ற கல்லூரி மாணவிக்கு இதுதான் நடந்தது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர். 1975 செப்டம்பரிலிருந்து அடுத்த கோடை வரை 67 முறை அவருக்குப் பேயோட்டினார்கள். 1976 ஜூலை 1 அன்று பட்டினியால் மெலிந்து, 23 வயதில் இறந்தார். 1978இல் பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அந்த அமர்வுகளின் ஒலிநாடாக்கள் இன்றும் இருக்கின்றன. நான் கொஞ்சம் கேட்டிருக்கிறேன். இனி கேட்க மாட்டேன்.

இந்த மரணத்தை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்தன. 2005இல் ஸ்காட் டெரிக்சனின் ‘தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்’, 2006இல் ஹான்ஸ்-கிறிஸ்டியன் ஷ்மிட்டின் ஜெர்மன் படம் ‘ரெக்வியம்’. இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள், நடிகர் தேர்வு எப்படி ஒரு தீர்ப்பாகவே மாறுகிறது என்று தெரியும்.

எமிலி ரோஸ் நீதிமன்றப் படம். பேயா நோயா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிற பாவனை. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட பாதிரியாராக டாம் வில்கின்சன். அந்தக் கனிந்த முகத்தையும் தணிந்த குரலையும் பார்த்த பிறகு எந்த நடுவர் தண்டிப்பார்? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மீசையோடு விறைப்பாக நிற்கிறார். வழக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு முகங்களில் எழுதியாகிவிட்டது. நிஜ வழக்கில் கூண்டில் நின்ற பெற்றோர் படத்தில் கூண்டிலேயே இல்லை. எமிலியாக நடித்த ஜெனிஃபர் கார்ப்பென்டர் அபாரம். அந்த உடல் முறுக்கல்களில் பெரும்பகுதியைக் கணினி உதவியில்லாமல் அவரே செய்தார். ஆனால் அந்த அபாரமே பேயின் பக்கச் சாட்சியாகிவிடுகிறது. உடம்பு அப்படி முறுக்கினால் நோய் என்று யார் நம்புவார்கள்?

‘ரெக்வியம்’ படத்தில் சாண்ட்ரா ஹூல்லர். மேடையிலிருந்து வந்தவர், அப்போது வெளியுலகத்துக்கு அறிமுகமில்லாத முகம். பெர்லினில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி இந்தப் படத்துக்காக வாங்கினார். இதில் மிதப்பு இல்லை, மாறிய குரல் இல்லை, சிறப்பு ஒப்பனை இல்லை. ஜெபமாலையைத் தொடப் போய் முடியாமல் கை திரும்புகிறது. விருந்தில் ஒரு பெண் கொஞ்சம் அதிகமாக ஆடுகிறாள். அம்மாவிடம் கொஞ்சம் அதிகமாகக் கத்துகிறாள். மரணம் கடைசியில் எழுத்தாகத்தான் வருகிறது. பேயே தெரியாத பேயோட்டும் படம். இந்தப் படம் என்னைப் பயமுறுத்தவில்லை. அதில் வரும் பெண்ணை எனக்குத் தெரியும் போலிருந்தது, அது வேறு விதமான தொந்தரவு. ஹூல்லரை யாரும் கயிறு கட்டி இழுத்ததாகக் கேள்விப்படவில்லை.

அப்படியானால் பதில் கிடைத்துவிட்டதா? நிஜ வலி இல்லாமலும் நல்ல படம் எடுக்கலாம், ஆகவே ஃப்ரீட்கின் தேவையில்லை, கேஸ் க்ளோஸ்? எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. ‘ரெக்வியம்’ நல்ல படம். ஆனால் பர்ஸ்டினின் அந்த அலறலுக்கு அதில் ஈடு இல்லை. நிஜம் திரையில் வேறு மாதிரித்தான் ஒலிக்கிறது. வலி கலைக்கு உதவாது என்று சொல்வது நமக்கு வசதியான பொய். உதவுகிறது. அதனால்தான் இது ஒரு அறக்கேள்வி. உதவாது என்றால் வெறும் முட்டாள்தனம், அதற்குக் கட்டுரை வேண்டியதில்லை.

இதை எழுத ஆரம்பித்ததற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு சின்ன டீமுக்கு நான் லீட். பணம் கைமாறும் சேவை. புதிதாகச் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண்ணை ஆன்-கால் சுழற்சியில் சேர்க்க வேண்டியிருந்தது. அதாவது ராத்திரி சிஸ்டம் விழுந்தால் அவள்தான் எழுந்து பார்க்க வேண்டும். இதற்கு ஒத்திகை பார்ப்பது வழக்கம். ஒத்திகை என்று தெரிந்தால் யாரும் பதறுவதில்லை, பதறாதவரை ஒருவர் எப்படி என்று தெரியாது, என்பது அன்றைய என் தத்துவம். நானும் இன்னொரு சீனியரும் சேர்ந்து ப்ரொடக்‌ஷன் போலவே ஒரு நகலை அமைத்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு அதை உடைத்தோம். டேஷ்போர்டு முழுக்கச் சிவப்பு. அவளுக்கு அலாரம் போனது. நாங்கள் காலில் சேர்ந்து, மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

40 நிமிடம். பிரமாதமாகச் செய்தாள். லாக்கைப் பிரித்து, டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்து, காரணமான மாற்றத்தைத் திருப்பினாள். நடுவில் ஓர் இடத்தில், “அண்ணா, யாராவது லைன்ல இருக்கீங்களா? கஸ்டமர் காசு போயிட்டிருக்கா?” என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது. நான் மைக்கை ஆன் செய்யவில்லை. முடிந்ததும் “ட்ரில்தான்மா, சூப்பரா பண்ணினே” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்து நன்றாக இருந்ததாகவே சொன்னாள் என்பதும் உண்மை.

அந்தக் கால் பதிவாகியிருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல பாடம் எங்களிடம் இல்லை. பதற்றத்திலும் ஒருவர் எப்படிப் படிப்படியாக யோசிக்கிறார் என்று காட்டுவதற்கு என்றே சொல்லிப் போட்டுக் காட்டினோம். அவள் குரல் உடையும் இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் கவனித்திருக்கிறேன்.

பர்ஸ்டின் கதையைப் படித்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது அந்த நிமிர்தல். ஃப்ரீட்கினோடு என்னை ஒப்பிடுவதில் ஒரு மிகை இருக்கிறது, தெரியும். யார் முதுகும் உடையவில்லை. ஆனால் நான் செய்ததன் அமைப்பு அதேதான். அவள் திறமையை நம்பியிருந்தால் நான் ‘இது ஒத்திகை’ என்று சொல்லியிருப்பேன். மில்லர் சொன்ன மாதிரி, அவளுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டிருக்காது. அவள் யாராவது இருக்கீங்களா என்று கேட்டது எனக்குக் கேட்டது. அதை ஒத்திகையின் ஒரு பகுதியாகத்தான் கேட்டேன்.

நாங்கள் இருவருமே அந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டோம். பதிவு இன்னும் அங்கே பயன்பாட்டில் இருப்பதாகப் பழைய நண்பன் சொன்னான். போன மாதம் அவளுக்கு எழுதினேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், அதைத் தூக்கச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வாய்ஸ் நோட் வந்தது.

“அன்னைக்கு கால் கட் பண்ணிட்டு அம்மாவுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் அழுதேண்ணா. அது ரெக்கார்டிங்ல இருக்காது. ஆனா தூக்கலாம் வேணாம், நான் நல்லாத்தான் பண்ணியிருக்கேன். என் பேரு அதுல எங்கயும் இல்ல, அதைப் போடச் சொல்லுங்க. அப்புறம், அது ட்ரில்னு எனக்குத் தெரியாதுன்னு மேல ஒரு வரி போடச் சொல்லுங்க. பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்.”

நண்பனிடம் சொன்னேன். பெயரைச் சேர்த்துவிட்டான். இரண்டாவது வரிக்கு மேனேஜரிடம் கேட்க வேண்டும் என்றான். புதிதாக வருபவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்களாம்.